டெல்கோ முதல் ஸ்கேனர் வரை

நம் பட்டறைகளில் புழங்கிவரும் பழைய சொல் 'டெல்கோ'. பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டர்களுக்கு முறைவைத்து மின்சாரம் பங்கிடும் உறுப்பை மெக்கானிக்குகள் அப்படித்தான் அழைப்பார்கள். அமெரிக்காவின் டேட்டன் நகரில் 1909இல் சார்லஸ் கெட்டரிங்கும் எட்வர்ட் டீட்ஸும் தொடங்கிய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம் அது. நிறுவனத்தின் பெயர் உறுப்பின் பெயராகி, கடல் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது.

இன்னொரு பட்டறைச் சொல் 'மிஸ்ஸிங்'. ஏதேனும் ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரிவரப் பற்றாமல் எஞ்சின் தடுமாறுவதை அது குறிக்கும். அம்பாசடர் காலத்தில், ஓடும் எஞ்சினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். ஓட்டம் மேலும் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் நலம். மாற்றமே இல்லையென்றால் பழுது அங்கேதான். பிளக்கில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி; எண்ணெய் படிந்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். செவியும் கண்ணுமே கருவிகள். பல வேளைகளில் செலவு ஒரு பிளக்கோடும் பாயிண்டோடும் முடிந்தது.

எஞ்சினே தன் நோயைப் பதிவுசெய்யும் கணினி ஏற்பாடு, 1996 முதல் அமெரிக்கப் புதுக் கார்களில் கட்டாயமாயிற்று. பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. கிராங்க் தண்டின் சுழற்சியில் நேரும் நுண்ணிய தளர்வை அளந்து, கணினி 'பி0301' என்று எழுதிவைக்கும்: முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். இடத்தைச் சொல்லும் அக்குறியெண் காரணத்தைச் சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா? தனித்தனிக் காயில் உள்ள வண்டியில், அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றியதும் குறியெண் 'பி0303' ஆனால், பழுது காயிலில். செலவற்ற இச்சோதனையைத் தவிர்த்துப் பாகங்களை வரிசையாக மாற்றும்போதுதான் ரசீது நீள்கிறது. பழுதோடு ஓட்டுவதும் சிக்கனமன்று. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியைச் சூடேற்றி உருக்கிவிடக்கூடும். அதன் விலை காயிலின் விலையைப் பலமடங்கு விஞ்சும்.

2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அதே ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப்பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்காதபடி அவை தடுத்தன என்பது ஆணையத்தின் முடிவு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன.

அபராதத்தைவிட அது எழுப்பிய கேள்வியே நமக்கு முக்கியம்: நாம் விலைகொடுத்து வாங்கிய எஞ்சினின் நோயை அறியும் உரிமை யாருடையது? டெல்கோவின் மூடியைத் திறக்க எந்தத் தெருமுனைப் பட்டறைக்கும் எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அந்த அயற்பெயர் நம் பேச்சில் ஒன்றிப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.