உடம்புப்பிடித் தொழில்: கை வைக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரலில் இறங்கி துன் சம்பந்தன் சாலைப் பக்கம் நடந்தால், நடைபாதையில் மேடு பள்ளமாகப் பதித்த மஞ்சள் கற்கள் வழிநெடுக வரும். வெள்ளைக் கோலோடு நடப்பவர்களுக்கான பாதை அது. அந்தப் பாதையை ஒட்டிய கடைவீட்டு மாடிகளில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்களின் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். கிள்ளானிலிருந்தும் தோட்டப்புறங்களிலிருந்தும் சேலை, நகை, மளிகை வாங்க வரும் நம்மவர்களில் பலர், வேலை முடிந்ததும் இடுப்பு வலிக்கு அங்கே ஒரு மணி நேரம் படுத்துவிட்டுப் போவது புதிதல்ல.

ஆனால் உடம்பைப் பிடித்துவிடுவது ஒரு தொழில், அதற்குப் பயிற்சியும் கட்டுப்பாடும் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. யாரிடம் போகலாம், என்ன கேட்க வேண்டும், எந்த உடம்பில் கை வைக்கவே கூடாது என்பவை வாடிக்கையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும், தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸும் பார்வையற்றோரும்

செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், பார்வையற்றோரின் ஊராகவும் ஆனதற்குக் காரணம் மலேசியப் பார்வையற்றோர் சங்கம். 1951இல் தொடங்கப்பட்ட இச்சங்கத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. அதே ஆண்டு கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியின் பெயரைத் தாங்கிய கர்னி பயிற்சி நிலையமும் இங்குதான் அமைந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் அருகிலேயே அறை எடுத்துத் தங்கினார்கள். தொழில் கற்ற பின் அங்கேயே கடை வைத்தார்கள்.

பார்வையற்றோரும் உடம்புப்பிடியும் சேர்ந்தது மலேசியாவில் மட்டுமல்ல. ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற மருத்துவர், தம்மைப் போன்றவர்களுக்கு ஊசி மருத்துவமும் உடம்புப்பிடியும் கற்பிக்கப் பள்ளி நடத்தினார். தென் கொரியாவில் இந்தத் தொழிலுக்கான உரிமம் பார்வைக் குறைபாடு உடையோருக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. அது சரியா என்ற வழக்கு அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் வரை சென்று, 2008இல் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பானது. நம் நாட்டில் அப்படி ஓர் ஒதுக்கீடு இல்லை. பெரிய கடைத்தொகுதிகளில் உள்ள ஆடம்பர நிலையங்களோடு அவர்கள் நேருக்கு நேர் போட்டி போட வேண்டியுள்ளது.

"கண் தெரியாதவர்களுக்குக் கையில் தனி சக்தி" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். பாராட்டாகச் சொன்னாலும் அது அவர்களின் உழைப்பை மறைத்துவிடுகிறது. தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எலும்பு எங்கே, நரம்பு எங்கே என்று மாதக்கணக்கில் தொட்டுத் தொட்டுப் பயின்றதால் வந்த திறமை அது.

அடிப்படைக் கைமுறைகள் ஐந்து

இன்று உலகெங்கும் பயிற்சி நிலையங்களில் முதலில் கற்றுத் தருவது 'ஸ்வீடிஷ்' முறை. பெயர் ஸ்வீடனுடையது என்றாலும், இதன் கைமுறைகளை வகுத்துப் பெயரிட்ட பெருமை நெதர்லாந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கருக்குச் (1838–1909) சொல்லப்படுகிறது.

நீவுதல்: உள்ளங்கை முழுவதையும் பதித்து நீளமாகத் தடவுவது. கை கால்களில் இதயத்தை நோக்கிச் செல்ல வேண்டும். தொடக்கமும் முடிவும் இதுதான்.

பிசைதல்: தசையை மாவு போலத் தூக்கிப் பிசைவது. தோள், தொடை போன்ற சதைப்பற்றான இடங்களுக்கு.

தேய்த்தல்: கட்டை விரலாலோ விரல் நுனியாலோ ஒரே இடத்தில் ஆழமாகத் தேய்ப்பது. முடிச்சு விழுந்த தசைக்கு.

தட்டுதல்: கைவிளிம்பாலோ குவித்த கையாலோ தாளமாகத் தட்டுவது. முதுகின் கீழ்ப்பகுதியில் சிறுநீரகம் இருக்கும் இடத்திலும் முதுகெலும்பின் மேலும் தட்டக் கூடாது.

அதிர்வூட்டுதல்: கையை அழுத்தி வைத்து மெல்ல நடுங்கச் செய்வது.

இவை நமக்கு வெளியிலிருந்து வந்தவை என்று நினைக்க வேண்டாம். சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதில் ஒன்பது வகை உண்டு. தோட்டத்துப் பாட்டிமார் விளக்கெண்ணெய் தடவிச் சுளுக்கு எடுத்ததும் இந்த மரபின் நீட்சிதான். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் தேய்ந்த முதுகுகளுக்கு அந்தக் கைகளே அன்று மருந்து.

முதல் ஐந்து நிமிடம்

நல்ல தொழிலாளரை அடையாளம் காண அவர் கையின் பலத்தைப் பார்க்க வேண்டாம். எண்ணெய் எடுக்கும் முன் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். எங்கே வலி, எத்தனை நாளாக, விழுந்தீர்களா, இனிப்பு நீர் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அறுவை சிகிச்சை நடந்ததா, கர்ப்பமா என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

எந்த இடத்தில் கை வைக்கப் போகிறார் என்பதைச் சொல்லி உங்கள் சம்மதத்தைப் பெற வேண்டும். வேலை செய்யும் பகுதியைத் தவிர மற்ற உடம்பு துணியால் மூடியிருக்க வேண்டும். நகம் ஒட்ட வெட்டி, கை கழுவி, ஒவ்வொருவருக்கும் துணி மாற்றியிருக்க வேண்டும். வலித்தால் "போதும்" என்று சொல்லும் உரிமை எந்த நேரத்திலும் உங்களுக்கு உண்டு. "வலித்தால்தான் பலன்" என்பது உண்மையல்ல. அதிகம் அழுத்தினால் மறுநாள் கன்றிப்போகும், அவ்வளவுதான்.

கை வைக்கக் கூடாத உடம்பு

இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான்.

இனிப்பு நீர்: 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நீரிழிவு முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறையும். அப்படிப்பட்ட காலில் குச்சி வைத்து அழுத்தும் பாத உடம்புப்பிடியோ சூடான ஒத்தடமோ புண்ணை உண்டாக்கினால், படுத்திருப்பவருக்கே தெரியாது. ஆறாத புண் காலை எடுக்கும் நிலை வரை கொண்டு போகலாம். பாதத்தில் புண், வெடிப்பு, மரத்துப்போதல் இருந்தால் பாதத்தைத் தொடாமல் விடுவதே நல்லது. இன்சுலின் போட்டுக்கொண்ட இடத்தை உடனே தேய்க்கவும் கூடாது. மருந்து வேகமாகக் கலந்து இனிப்பு அளவு திடீரென இறங்கலாம்.

ஒரு கால் மட்டும் வீக்கம்: கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது தசைப்பிடிப்பாக இல்லாமல் உள் நாளத்தில் இரத்தக் கட்டியாக இருக்கலாம். நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, பிரசவம் ஆகியவற்றுக்குப் பின் இது வரக்கூடும். தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிரைப் பறிக்கலாம். நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கழுத்து நெட்டி: முடிவெட்டும் கடையில் தலை பிடித்துவிட்டு, கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி முறிப்பது நம்மவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் கழுத்து வழியாகத்தான் போகின்றன. திடீர் திருப்பத்தில் அதன் சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. தலையைப் பிடித்துவிடட்டும்; கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விழுந்து அடிபட்டவை: பிள்ளை விழுந்து கை வீங்கினால் சுளுக்கு என்று உருவி விடாதீர்கள். எலும்பு முறிந்திருந்தால் உருவுவது நிலைமையை மோசமாக்கும். முதலில் எக்ஸ்ரே.

மேலும் காய்ச்சல், தொற்றும் தோல் நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, எலும்புத் தேய்வு முற்றிய முதுமை, புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் கேட்ட பிறகே செல்ல வேண்டும். சிசேரியன் செய்த தாய்க்கு, மருத்துவர் அனுமதிக்கும் வரை வயிற்றில் கை வைக்கவோ இறுக்கிக் கட்டவோ கூடாது.

நெஞ்சு வலி இடது தோளுக்கும் தாடைக்கும் பரவினால், வாயு என்று எண்ணித் தைலம் தேய்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள். 999க்கு அழையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் (சட்டம் 775) ஏழு துறைகளை அங்கீகரிக்கிறது. பாரம்பரிய மலாய், சீன, இந்திய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவமுறை ஆகியவை அவை. சித்தமும் ஆயுர்வேதமும் இந்திய மருத்துவத்திலும், ஊருட் எனப்படும் மலாய் உடம்புப்பிடி மலாய் மருத்துவத்திலும் அடங்கும். இத்துறைகளில் நோய்க்குச் சிகிச்சை தருபவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். களைப்புத் தீர மட்டும் உடம்பைப் பிடித்துவிடும் நிலையங்களுக்கு ஊராட்சி மன்ற உரிமம் தேவை.

இனிப்பு நீர், புற்றுநோய், பக்கவாதம் முதலியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டம் தடை செய்கிறது. புலனக் குழுக்களில் அப்படி ஏதாவது வந்தால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். முறையான உடம்புப்பிடி தசை வலிக்கும் மன இறுக்கத்துக்கும் சில நாள் நிவாரணம் தரும். உடம்பிலிருந்து 'நச்சை' வெளியேற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சுகாதார அமைச்சின் சில மருத்துவமனைகளிலும் பாரம்பரியச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. முதலாவது 2007இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கியது. நாள்பட்ட வலி, பக்கவாதத்துக்குப் பிந்தைய நிலை ஆகியவற்றுக்கு அங்கே உடம்புப்பிடி தரப்படுகிறது. உங்கள் கிளினிக் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

தொழிலுக்கு வர விரும்புவோருக்கு

முறையான பயிற்சி பெற்று மலேசியத் திறன் சான்றிதழோடு வருவது நல்லது. பார்வைக் குறைபாடு உடையவர்கள் பிரிக்பீல்ட்ஸ் சங்கத்தை நேரில் அணுகலாம்.

இந்தத் தொழிலில் முதலில் தேய்வது தொழிலாளரின் கட்டை விரலும் மணிக்கட்டும்தான். விரலால் தள்ளாமல், முழங்கை நீட்டி உடல் எடையைச் சாய்த்து அழுத்தப் பழக வேண்டும். நேராக நிற்கையில் மடக்கிய கைமுட்டி தொடும் உயரத்தில் கட்டில் இருந்தால் முதுகு தப்பும். இருவருக்கு இடையே ஓய்வு வேண்டும். தனியாகத் தொழில் செய்பவர்கள், 2017ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் வரும் பெர்கேசோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு சொல்

உடம்புப்பிடி என்ற பெயரில் வேறு தொழில் நடத்தும் இடங்கள் இருப்பதால், நேர்மையாக உழைப்பவர்களும் தகாத கேள்விகளைச் சந்திக்கிறார்கள். அப்படிக் கேட்பது வேடிக்கையல்ல, அவமதிப்பு. பிள்ளைகள் இந்தத் தொழிலைக் கற்க விரும்பினால் முகம் சுளிக்கும் பெற்றோரும் இதை நினைத்துப் பார்க்கலாம்.

பணம் கொடுக்கும்போது நோட்டின் மதிப்பை வாய்விட்டுச் சொல்லிக் கையில் வையுங்கள். 5 வெள்ளி நோட்டுக்கும் 10 வெள்ளி நோட்டுக்கும் நீளத்தில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. கைப்பேசியில் பணம் செலுத்தினால், அவர் கணக்கில் பணம் சேர்ந்தது என்று அவருடைய கைப்பேசி சத்தமாகச் சொல்லும் வரை நில்லுங்கள். உங்கள் உடம்பை நம்பி அவர் கையில் ஒரு மணி நேரம் கொடுத்தீர்கள். அவர் உங்களை நம்பும்படி அந்த ஒரு நிமிடம் காத்திருக்கலாம்.