பிறப்பால் சுதந்திரர்: ஃப்ரீமேசன் விதிநூலில் ஒரு சொல்

அமெரிக்க வரலாற்றின் புகழ்பெற்ற ஃப்ரீமேசன்கள் என்றொரு பட்டியல் அடிக்கடி வலம் வருவதுண்டு. ஜார்ஜ் வாஷிங்டன், பெஞ்சமின் ஃப்ராங்க்ளின், பால் ரெவியர், ஆண்ட்ரூ ஜாக்சன் ஆகியோர் அதில் தவறாமல் இடம்பெறுவர், அது சரியே. தாமஸ் ஜெஃபர்சனையும் சேர்ப்போர் உளர், அதற்குச் சான்றில்லை. ஆனால் பாஸ்டனின் பிரின்ஸ் ஹால் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறார். அந்த விடுபடலின் பின்னணியில் ஒரு சொல்லின் வரலாறு இருக்கிறது.

ஃப்ரீமேசன் இயக்கம் கற்கொத்தர்களின் கருவிகளை அறக்குறியீடுகளாக ஏற்ற சகோதர அமைப்பு. மூலமட்டமும் கவராயமும் அதன் அடையாளங்கள். மட்டம் பார்க்கும் கருவி சமத்துவத்தின் சின்னம். எனினும், ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்து 1723இல் லண்டனில் வெளியான விதிநூல், உறுப்பினர் ‘பிறப்பால் சுதந்திரராக’ இருக்க வேண்டும் என்றது. அடிமைப்பட்டோருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. பயிற்சிக்கு வந்தவரைப் பண்ணையார் உரிமை கோரி மீட்டுச் செல்லக் கூடாது என்பதற்காக இடைக்காலக் கொத்தர்கள் வகுத்த நிபந்தனையின் எச்சம் அது.

இந்நூலை 1734இல் பிலடெல்பியாவில் மறுபதிப்புச் செய்தவர் ஃப்ராங்க்ளின். அட்லாண்டிக்கைக் கடந்ததும் அச்சொல்லின் பொருள் இறுகியது. தாயின் நிலையே பிள்ளையின் நிலை என வர்ஜீனியா 1662லேயே சட்டம் இயற்றியிருந்தது. எனவே, அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் பின்னாளில் விடுதலை பெற்றாலும் ‘பிறப்பால் சுதந்திரர்’ ஆக இயலாது. அதே வர்ஜீனியாவின் ஃபிரடெரிக்ஸ்பர்க் மன்றத்தில் 1752இல் சேர்ந்த வாஷிங்டன் அடிமைகளின் உடைமையாளர். 1793 செப்டம்பர் 18 அன்று நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலுக்கு அவர் ஃப்ரீமேசன் சடங்குகளோடு அடிக்கல் நாட்டினார். அக்கட்டடத்துக்காகச் சுரங்கங்களில் கல் வெட்டியோரில் அடிமைகளும் இருந்தனர். கல்லோடு மெய்யாகவே உழைத்த அவர்களுக்குக் கொத்தர்களின் பெயர் தாங்கிய சகோதரத்துவத்தில் இடமில்லை.

பிரின்ஸ் ஹால் இந்த முரணைத் தம் வாழ்நாளிலேயே எதிர்கொண்டார். புரட்சியின் தொடக்க ஆண்டுகளில் அவரும் பிற கறுப்பின ஆண்கள் சிலரும் பிரிட்டிஷ் படையைச் சார்ந்த, அயர்லாந்துச் சாசனம் பெற்ற மன்றமொன்றின் வழியே ஃப்ரீமேசன்களாயினர். 1777இல், இயற்கை உரிமை என்னும் புரட்சியின் சொல்லாட்சியையே கையாண்டு, அடிமைமுறையை ஒழிக்குமாறு மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு அளிக்கப்பட்ட மனுவில் அவரும் கையொப்பமிட்டார். பாஸ்டனிலிருந்து மூன்று கறுப்பின ஆண்கள் கடத்தப்பட்டபோது 1788இல் மீண்டும் மனு அளித்தார். அவ்வாண்டே அம்மாநிலம் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது.

சொந்த மண்ணில் கிட்டாத ஏற்பை அவர் லண்டனிடம் கோரினார். இங்கிலாந்துத் தலைமை மன்றம் 1784இல் வழங்கிய சாசனம் 1787இல் பாஸ்டனை அடைந்தது. ‘ஆப்பிரிக்க மன்றம் எண் 459’ அவ்வாறு அதிகாரம் பெற்றது. அண்மையில்தான் போரிட்டுப் பிரிந்த நாட்டிடமிருந்து ஓர் அமெரிக்கக் குடிமகன் சகோதர உரிமையைப் பெற வேண்டியிருந்தது.

1807இல் அவர் மறைந்தபின் அவர் பெயராலேயே வளர்ந்த மன்றங்களை வெள்ளையர் மன்றங்கள் முறையற்றவை என ஒதுக்கின. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ‘பிறப்பால் சுதந்திரர்’ என்னும் நிபந்தனையும் ஒன்று. பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளில் அடிமைமுறை ஒழிந்தபின், 1847இல் இங்கிலாந்து அதைச் ‘சுதந்திரர்’ என மாற்றியது. பிறப்பு என்பது உதிர்ந்தது. அமெரிக்க மன்றங்கள் பலவும் பழைய சொல்லையே பற்றிநின்றன. இதற்கிடையே பிரின்ஸ் ஹால் மரபில் தர்குட் மார்ஷல் போன்றோர் உருவாகினர். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர் அவர். கனெக்டிகட்டின் தலைமை மன்றம் அம்மரபை ஏற்றது 1989இல்தான். மற்ற மாநிலங்கள் பலவும் அதன்பின்னரே தொடர்ந்தன.

அப்பட்டியலில் பிரின்ஸ் ஹாலைச் சேர்ப்பது எளிது. அவரை விலக்கி வைத்த சொல்லையும் சேர்த்து வாசித்தால்தான், சமத்துவம் பேசிய அமைப்பு யாரைச் சமமானவராகக் கண்டது என்பது விளங்கும்.