வன்கொடுமை வழக்குகள் உயர் நீதிமன்றத்தில் நகரும் முறை

வன்கொடுமை வழக்கு ஒன்று சிறப்பு நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்துவிடுவதில்லை. தண்டனையை எதிர்த்துக் குற்றவாளிகளும், விடுதலையை எதிர்த்து அரசும் பாதிக்கப்பட்டோரும் உயர் நீதிமன்றம் செல்கின்றனர். தமிழ்நாட்டில் அது 1862இல் தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றமும், 2004 முதல் இயங்கும் அதன் மதுரைக் கிளையும் ஆகும். அங்கு நடப்பதை அறியாத குடும்பத்திற்குச் சட்டம் தந்த உரிமையும் கைக்கு எட்டாது என்பதால் அந்நடைமுறையை இங்கே தொகுக்கிறோம்.

மேல்முறையீடு

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஏ பிரிவு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அது ஏற்கப்பட்டபின், இயன்றவரை மூன்று மாதங்களுக்குள் முடிக்கப்பட வேண்டும். சிறப்பு நீதிமன்றம் பிணை வழங்கினாலும் மறுத்தாலும் அதற்கு எதிரான வழியும் மேல்முறையீடே. எனவே அத்தகைய பிணை வழக்கைப் பிணை மனுக்களிடையே அன்றி, குற்றவியல் மேல்முறையீடுகளிடையே தேட வேண்டும்.

எண்ணும் பட்டியலும்

தாக்கல் செய்யப்படும் மனுவைப் பதிவகம் சரிபார்க்கிறது. குறைகள் இருந்தால் திருப்பித் தருகிறது. அவை சரிசெய்யப்பட்ட பின்னரே வழக்கு எண் கிடைக்கும். இதனுடன் 16 இலக்கங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணும் உண்டு. சிறப்பு நீதிமன்றத்தில் பெற்ற எண் வேறு, உயர் நீதிமன்றத்தில் பெறும் எண் வேறு. பழைய எண்ணை மட்டும் வைத்திருப்போர் மேல்முறையீடு வந்ததையே அறியாமல் போகலாம்.

எந்த வழக்கை எந்த நீதிபதி விசாரிப்பார் என்பதைத் தலைமை நீதிபதி ஒதுக்குகிறார். ஆயுள் தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டை இரு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கிறது. விசாரணைக்கு வரும் வழக்குகள் அன்றாடப் பட்டியலில் வெளியாகின்றன.

அறிவிக்கப்படும் உரிமை

15ஏ பிரிவின்படி, பிணை உள்ளிட்ட ஒவ்வொரு நடவடிக்கையையும் உரிய காலத்தில் அறியும் உரிமையும், தம் தரப்பைக் கூறும் உரிமையும் பாதிக்கப்பட்டோருக்கு உண்டு. தகவல் தரும் கடமை சிறப்பு அரசு வழக்கறிஞருக்கோ அரசுக்கோ உரியது. இந்த அறிவிப்பு கட்டாயமானது என 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

கோகுல்ராஜ் வழக்கு

2015 ஜூனில் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் வழக்கில் 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது, ஐவரை விடுவித்தது. இரு தரப்பு மேல்முறையீடுகளையும் விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் ஆகியோர் திருச்செங்கோடு கோயிலுக்கு நேரில் சென்று கண்காணிப்புக் கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டனர். 2023 ஜூன் 2 அன்று எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையையும் ஐவரின் விடுதலையையும் உறுதிசெய்தனர். கொலை நடந்து ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இத்தனை ஆண்டுகள் ஒரு வழக்கைப் பின்தொடர்வது கூலி வேலையை நம்பி வாழும் குடும்பத்திற்கு எளிதன்று. அறிவிப்பு வரும் எனக் காத்திராமல், முதல் தகவல் அறிக்கை எண்ணையும் இரு நீதிமன்றங்களின் வழக்கு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுமாறு வலியுறுத்துகிறோம். அறிவிப்பின்றிப் பிணை வழங்கப்பட்டிருந்தால், அதனையே காரணமாகக் காட்டி அந்த ஆணையை எதிர்க்கலாம்.