மண்ணின் சாட்சி

கொடுங்கையூர் குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைக்கும் எங்க பகுதி ஜனங்கள், கையில் எடுத்ததுமே எது என்ன பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுவார்கள். பளபளப்பை நம்பமாட்டார்கள். தொல்லியலுக்கு அந்தப் புத்தி தாமதமாகத்தான் வந்தது.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலியின் அரெட்டைன் சிவப்புக் கலங்களை வைத்துக் காலம் கணித்தார். உள்ளடியில் வட்டவட்டமாகச் சிறுகீறல் பதித்த ரௌலட்டட் தட்டுகளில் நேர்த்தியானவற்றையும் மத்தியதரைக்கடல் சரக்காகவே கருதினார். நேர்த்தின்னா வெளிநாடு!

தட்டின் அழகை விட்டு மண்ணையே கேட்டார் விஸ்வாஸ் கோக்டே. எக்ஸ்-கதிர் சோதனையில் ரௌலட்டட் ஓடுகளின் கனிமங்கள் வங்காளத்தின் சந்திரகேதுகர்–தாம்லுக் பகுதி மண்ணோடு பொருந்துவதாக 1997இல் எழுதினார்.

அரெட்டைனும் ஆம்போரா சாடிகளும் கடல் கடந்து வந்தவையே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த முடிவு வீலரை மட்டுமா இடிக்கிறது? ‘எல்லாம் நம்மூர்ச் சரக்கு’ என்னும் நம் பெருமையையும்தான்.

அரெட்டைன் கலங்களில் செய்தவர் பெயர் முத்திரையாக உண்டு. ரௌலட்டட் தட்டைச் செய்த குயவருக்கு அதுவும் இல்லை. ஈராயிரம் ஆண்டு கழித்து அவர் உழைப்புக்குச் சாட்சி சொல்ல வந்தது, அவர் மிதித்துப் பிசைந்த மண்தான்.