தாழ்வேலியின் சரித்திரம்

தமிழில் ‘வேலி’ என்னும் சொல் இரு பொருள் உடையது. நிலத்தைச் சுற்றி அமைக்கும் அரணும் வேலி. இருபது மா கொண்ட நில அளவும் வேலி. கொங்கு நாட்டுக் கிளுவை வேலியும், வறண்ட சீமைகளின் கள்ளி வேலியும் ஆடுமாடு புகாமல் பயிரைக் காப்பதற்கென்றே வளர்க்கப்பட்டவை. ஆனால், உத்தியோகத்தை முன்னிட்டு வடநாட்டு நகரங்களில் குடியேறிய நாம் அன்றாடம் காண்பது வேறொரு வகை வேலியாகும். அரசாங்கக் குடியிருப்புகளின் முன்னும், பூங்காக்களின் பாத்தி ஓரங்களிலும் அது முழங்கால் உயரத்தில், நூல் பிடித்தாற்போல் கத்தரிக்கப்பட்டு நிற்கிறது. ஆட்டுக்குட்டியும் அதனைத் தாண்டிவிடும். காவலுக்கு உதவாத இவ்வேலி எங்கிருந்து வந்தது? இதன் சரித்திரத்தைச் சிறிது ஆராய்வோம்.

இத்தகைய தாழ்வேலிக்கு ஐரோப்பாவில் பெயர் பெற்ற செடி ‘பாக்ஸ்’ என்பது. ஆண்டு முழுவதும் இலை உதிராதது. சிறிய, தடித்த, பளபளப்பான இலைகளை உடையது. ஆண்டொன்றுக்குச் சில அங்குலமே வளர்வது. எத்தனை முறை கத்தரித்தாலும் சலிக்காமல் மீண்டும் தழைப்பது. இதன் மரம் நீரில் அமிழும் அளவு கனமானது. பண்டைய கிரேக்கர் இம்மரத்தைக் கடைந்து சிறு பேழைகள் செய்தனர். மரத்தின் கிரேக்கப் பெயர் பேழைக்கு ஆகி, அதுவே பெட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக இன்று நம் நாவிலும் வழங்குகிறது.

கத்தரித்த செடியால் தோட்டத்தை அணிசெய்யும் கலை ரோமாபுரியில் தழைத்தது. அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் நண்பரான காயஸ் மாட்டியஸ் என்பவரே அதனை முதலில் கண்டவர் என்று மூத்த பிளினி எழுதியிருக்கிறார். கி.பி. 100-ஐ ஒட்டிய காலத்தில், இளைய பிளினி தம் நாட்டுப்புற மாளிகையைப் பற்றி ஒரு நண்பருக்கு நீண்ட கடிதம் வரைந்தார். அங்கே பாக்ஸ் செடி ஒன்றையொன்று எதிர்நோக்கும் விலங்குகளாகவும், எழுத்துக்களாகவும் கத்தரிக்கப்பட்டிருந்ததாம். அவ்வெழுத்துக்கள் சில இடங்களில் எசமானரின் பெயரையும், சில இடங்களில் தோட்டக்காரரின் பெயரையும் காட்டின. வேலி வளர்த்த தொழிலாளிக்கு இத்தகைய மதிப்பு அளிக்கப்பட்டதைப் பின்வந்த சரித்திரத்தில் அரிதாகவே காண்கிறோம்.

ரோமானியப் பேரரசு மறைந்தபின் பல நூற்றாண்டுகள் சென்றன. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டுத் தோட்டக்காரர்கள் பூப்பாத்திகளின் ஓரங்களில் மணமுள்ள சிறு மூலிகைச் செடிகளை நட்டு வந்தனர். அவை குளிரிலும் வெயிலிலும் பட்டுப்போக, அடிக்கடி மாற்றி நட வேண்டியிருந்தது. பாக்ஸ் செடியின் இலை மணம் பிரபுக்களுக்குப் பிடிக்கவில்லை. எனினும், அரசர் நான்காம் ஹென்றியின் தோட்டங்களைக் கவனித்த கிளாட் மோலே என்பவர், அந்நூற்றாண்டின் இறுதியில் துணிந்து அதனையே ஓரச் செடியாக நட்டார். ஒருமுறை நட்டால் பல்லாண்டு நிற்கும் என்ற சிக்கனமே அவ்வெறுப்பை வென்றது.

அதன்பின் பாக்ஸ் அரண்மனைச் செடியாயிற்று. அந்திரே லெ நோத்ர் (1613–1700) என்னும் தோட்டக்கலை மேதை, நிதி அமைச்சர் ஃபூக்கேயின் வோ-லெ-விகோந்த் மாளிகையின் முன், தரையிலே சித்திரத்தையல் இட்டாற்போல் பாக்ஸ் செடியால் கோலம் வகுத்தார். 1661 ஆகஸ்டு 17-ஆம் நாள் அங்கு நடந்த விருந்துக்குப் பதினான்காம் லூயி மன்னர் வந்திருந்தார். அடுத்த மாதமே ஃபூக்கே சிறைப்பட்டார். லெ நோத்ர் மன்னருக்காக வெர்சேல்ஸ் தோட்டத்தை அமைக்கலானார். இயற்கையும் தன் ஆணைக்கு அடங்கும் என்று காட்ட விரும்பிய அரசாட்சிக்கு, கத்தரிக்கு அடங்கும் இச்செடி மிகப் பொருத்தமாக இருந்தது.

இங்கிலாந்தில் காற்று மாறி வீசியது. 1702-இல் பட்டமேறிய ஆன் அரசியார் பாக்ஸின் வாடை பொறாமல், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலிருந்து அதனைப் பெயர்த்தெறியச் செய்தார். 1713-இல் கவிஞர் அலெக்சாண்டர் போப் செடிகளை உருவங்களாகக் கத்தரிக்கும் மோகத்தை எள்ளி நகையாடிக் கட்டுரை எழுதினார். ஏரியும் புல்வெளியும் தாமே அமைந்தவை போல் தோன்றும் புதிய தோட்ட முறை பரவியது. பாத்தியின் ஓரத்தில் மதிப்பிழந்த அம்மரம், அச்சுக்கூடத்தில் புகழ் பெற்றது. தாமஸ் பியூவிக் (1753–1828) அதன் குறுக்குவெட்டு முகத்தில் நுணுக்கமான படங்களைச் செதுக்கிக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகளின் படங்கள் பெரும்பாலும் இவ்வச்சுக்கட்டைகளிலிருந்து பிறந்தவையே.

நம் நாட்டிலும் இவ்வினம் உண்டு. இமயமலைச் சரிவுகளில் வளரும் ஒரு வகைக்கு, கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய வாலிச் என்பவரின் பெயரே தாவர நூற்பெயராக அமைந்துள்ளது. காஷ்மீரப் பகுதியில் அதனைச் ‘சிக்ரி’ என்பர். ரஜௌரி மாவட்டக் கைவினைஞர்கள் அதிலே சீப்பும் கரண்டியும் கடைகின்றனர். அக்கைத்தொழிலுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆயினும், கொளுத்தும் கோடையுடைய சமவெளி பாக்ஸுக்கு ஏற்றதன்று. ஆங்கிலேயர் தம் நாட்டுத் தாழ்வேலியின் வடிவத்தைக் கொண்டுவந்தனர். செடி இந்த மண்ணிலிருந்து வர வேண்டியதாயிற்று. வடக்கே ‘மெஹந்தி’ எனப்படும் நம் மருதாணி, விராலி, களா, கறிவேப்பிலையின் இனத்ததான நறுமணக் காமினி, கடற்கரைச் சங்கங்குப்பி ஆகியவை கத்தரிக்குப் பழக்கப்பட்டன. 1911-இல் தில்லி தலைநகரென அறிவிக்கப்பட்டு, 1931-இல் புதுதில்லி திறந்துவைக்கப்பட்டபோது, தாழ்வேலி அந்நகரமைப்பின் ஓர் உறுப்பாகவே இருந்தது. 2023-இல் ‘அம்ரித் உத்யான்’ என்று பெயர் மாறிய குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தில், மொகலாய நீர்க்கால்வாயும் கத்தரித்த ஐரோப்பியப் பாத்தி ஓரமும் அருகருகே இருப்பதை நம்மவர் பலர் கண்டிருப்பர். நாள்தோறும் அதனைக் கத்தரித்த மாலிகளின் பெயரை எந்த வேலியும் காட்டவில்லை.

இனி, இச்சரித்திரத்தின் அண்மைப் பகுதியைக் கூறவேண்டும். ஐரோப்பியப் பாத்தி ஓரங்களில் மிகுதியாக நடப்பட்ட குட்டை பாக்ஸ், விதையால் அன்றிப் போத்தினாலேயே பெருக்கப்பட்டது. ஆகவே ஆயிரக்கணக்கான தோட்டங்களில் நின்றவை உண்மையில் ஒரே செடியின் துண்டுகள். 1990-களில் இங்கிலாந்தில் ஒரு பூசண நோய் தோன்றி, இலைகளைக் கருக்கி உதிர்த்தது. குட்டை வகையே அதற்கு எளிதில் இரையாயிற்று. 2007-இல் கிழக்காசியாவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சி ஜெர்மனியில் காணப்பட்டது. அதன் புழுக்கள் செடியை மொட்டையாக்கின. வோ-லெ-விகோந்த் தோட்டத்திலேயே 2019-இல் நோயுற்ற பாக்ஸ் அகற்றப்பட்டு, உலோகப் பட்டைகளால் கோலம் அமைக்கப்பட்டது. ஒன்றுபோல் இருப்பதே அழகெனக் கருதி வளர்க்கப்பட்டவை, அவ்வொற்றுமையினாலேயே ஒருங்கே வீழ்ந்தன.

இது நமக்குத் தொலைவிலுள்ள செய்தியன்று. இன்று நம் நகரங்களில் மருதாணியும் களாவும் இருந்த இடங்களில், அமெரிக்க வெப்பநாடுகளைச் சேர்ந்த துரந்தாவின் மஞ்சள் இலை வகையே தெருத்தோறும் நடப்படுகிறது. அதுவும் போத்தினால் பெருக்கப்படுவதே. விரைவில் தழைக்கும், மலிவாகக் கிடைக்கும் என்னும் காரணங்களை மறுப்பதற்கில்லை. மோலே பாக்ஸை நட்டதற்கும் இத்தகைய காரணமே இருந்தது.

குடியிருப்பின் முன்னே சாண் அகல நிலம் வாய்த்தவர்கள் மழைக்காலத் தொடக்கத்தில் மருதாணியை ஒரு சாண் இடைவெளியில் நடலாம். கன்று வேர் பிடித்ததும் நுனியைக் கத்தரித்துவிட்டால் அடியிலிருந்தே கிளைக்கும். வேலியின் அடியைச் சற்று அகலமாகவும் மேற்புறத்தைக் குறுகலாகவும் வெட்டிவந்தால், கீழிலைகளுக்கும் வெளிச்சம் கிடைத்து அடி வெறுமையாகாது. நீர் தேங்கலாகாது. ஒரே வேலியில் பல செடிகளைக் கலந்தால் வரிசை கெடும் என்பது உண்மை. ஆனால் ஒரு வீட்டில் மருதாணி, அடுத்த வீட்டில் களா, அதற்கடுத்து விராலி என்று தெரு நெடுகச் செடியை மாற்றி நட்டால் எந்த வேலியின் வரிசையும் கெடாது; ஒன்றுக்கு வந்த நோயும் அவ்வளவில் நின்றுவிடும்.