கியர் சைக்கிளின் பின் சில்லை ஒற்றை வேகத்துக்கு மாற்றுதல்

கியர் சைக்கிளின் பின் சில்லில் அடுக்காக இருக்கும் பல்சக்கரங்களைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரேயொரு பல்சக்கரத்தைப் பூட்டும் வேலை இது. கியர் மாற்றியும் அதன் கேபிளும் கூடவே அகற்றப்படும். மேடில்லாத கடலோர ஊர்களுக்கு இது பொருத்தம். பொன்னாலைத் தாம்போதியால் யாழ்ப்பாணக் குடாநாட்டோடு இணைந்த காரைநகர் அப்படியான ஊர். அங்கே ஏறுவதற்கு மலை கிடையாது. உப்புக்காற்றோ கியர் மாற்றியின் சுருள்வில்லையும் மூட்டுகளையும் சீக்கிரம் துருவேற்றிவிடும்.

முதலில் பார்க்கவேண்டியது பின் ஹப்பின் வகை. மலிவான கியர் சைக்கிள்களில் பல்சக்கர அடுக்கும் பிறீவீலும் ஒரே துண்டாக ஹப்பின் மரையில் திருகப்பட்டிருக்கும். மிதிக்க மிதிக்க அது இறுகுவதால் வெறுங்கையால் கழலாது. அதற்குரிய கழற்றியை வைஸில் பிடித்து, சில்லையே இடப்பக்கமாகத் திருப்பவேண்டும். சாதாரண சைக்கிளின் ஒற்றைப் பிறீவீலுக்கும் பெரும்பாலும் அதே மரைதான்: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. ஆகவே 16 அல்லது 18 பல் பிறீவீல் ஒன்றை, மரைக்குக் கிரீஸ் பூசி, நேரே திருகலாம். விலை கூடிய சைக்கிள்களில் பிறீவீல் பொறி ஹப்போடு சேர்ந்தே இருக்கும். அங்கே பல்சக்கரங்களை மட்டும் உருவி, ஒன்றை வைத்து, மிச்ச இடத்தை வளையங்களால் நிரப்பவேண்டும்.

பலர் தவறவிடுவது இதற்கு அடுத்த வேலையை. பல்சக்கர அடுக்குக்கு இடம் விடுவதற்காகக் கியர் சில்லின் ஹப் இடப்பக்கம் தள்ளியிருக்கும். அடுக்கு போனதும் புதிய பிறீவீல் மிகவும் உள்ளே நிற்கும். செயின் கோணலாக ஓடும். அச்சின் வலப்பக்க வளையங்களில் சிலவற்றை இடப்பக்கம் மாற்றினால் ஹப் வலப்பக்கம் நகரும். பிறகு வலக் கம்பிகளைத் தளர்த்தி, இடக் கம்பிகளை இறுக்கி, றிம்மை நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். நிப்பிளை ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் திருகக்கூடாது. இரு பக்கக் கம்பிகளும் ஏறக்குறைய ஒரே இறுக்கத்துக்கு வருவதால் சில்லு முன்னையதைவிட உறுதியாகும்.

ஒற்றைப் பிறீவீலின் பல் பெரும்பாலும் தடித்தது. கியர் செயினின் ஒடுங்கிய இடைவெளியில் அது இறங்காது. சாதாரண சைக்கிள் செயினே வேண்டும். நடுவில் அரை அங்குலம் மேலும் கீழும் ஆடும் அளவுக்குத் தொய்வு இருக்கட்டும். பின் கவையின் பிளவு கிடையாக இருந்தால் சில்லைப் பின்னே இழுத்துத் தொய்வைச் சரிசெய்யலாம். நிலைக்குத்தாக இருந்தால் தனி இழுவைச் சக்கரம் தேவை.

எத்தனை பல் என்பதைக் காரைநகரில் காற்றை வைத்தே முடிவுசெய்யவேண்டும். முன்னே 38, பின்னே 16 பல் என்றால், 26 அங்குலச் சில்லு மிதியின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 4.9 மீற்றர் ஓடும். பின்னே 18 என்றால் 4.4 மீற்றர். தாம்போதியில் காற்றை மறைக்க எதுவுமில்லை: சோளகக் காலத்தில் ஊர் திரும்பும்போதும், வாடைக் காலத்தில் ஊரை விட்டுப் போகும்போதும் எதிர்காற்று. ஆகவே 18 பல்லே நல்லது. தினமும் யாழ்ப்பாண நகருக்குப் போய்வருபவர் ஒற்றை வேகத்தைவிட மூன்று வேக ஹப்பைத் தேடுவது மேல். இங்கிலாந்தின் நொட்டிங்காமில் 1902இல் தொடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் பெயர்பெற்றது அந்த ஹப்பால்தான். அதன் பல்சக்கரங்கள் ஹப்புக்குள்ளேயே இருப்பதால் உப்புக்காற்று எளிதில் தொடாது.