விளையாட்டில் எழுந்து வரும் மம்மியும் மூக்கில் மிளகு வைத்த மம்மியும்



படிவம் 1 வரலாற்றில் எகிப்திய நாகரிகம் வரும்போது ‘மம்மி’ என்று சொன்னாலே போதும், வகுப்பு விழித்துக்கொள்ளும். "டீச்சர், அது எழுந்து வந்து அடிக்குமே!" என்பார்கள் பிள்ளைகள். தாவிக் குதித்து ஓடும் வீடியோ விளையாட்டுகளில், துணி சுற்றிய உடம்போடு குறுக்கே வரும் எதிரியைத்தான் அவர்களுக்குத் தெரியும். அந்த ஆர்வம் நல்லதுதான். ஆனால் அதையே தேர்வில் எகிப்தியரின் நம்பிக்கை என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். இந்த மம்மி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போமா?

எகிப்தியர் செய்தது என்ன?

இறந்தவரின் ஆன்மாவுக்கு மறுமையிலும் உடல் தேவை என்று எகிப்தியர் நம்பினார்கள். அதனால் உடல் அழுகாமல் காத்தார்கள். மூளையையும் உள்ளுறுப்புகளையும் எடுத்துவிட்டு, நேட்ரான் என்ற இயற்கை உப்பில் உடலை உலர்த்தி, லினன் துணியால் சுற்றினார்கள். மொத்தம் ஏறக்குறைய 70 நாள் வேலை. இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள், ஏன் தெரியுமா? மறுமைத் தீர்ப்பில் அதைத்தான் எடை போடுவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆக, உடலைப் பாதுகாத்தது இறந்தவரின் நலனுக்காக. அது எழுந்து வந்து யாரையும் பழிவாங்குவதற்காக அல்ல.

அப்படின்னா, பயமுறுத்தும் மம்மி?

அது ஐரோப்பாவில் பிறந்தது. 1827இல் ஜேன் லவுடன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, உயிர் பெற்ற மம்மியை வைத்து ஒரு நாவல் எழுதினார். 1892இல் ஆர்தர் கோனன் டாயில் எழுதிய சிறுகதையில் மம்மி ஆட்களைத் தாக்கவே தொடங்கிவிட்டது.

1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்தார். அதற்குப் பணம் கொடுத்த கார்னர்வன் பிரபு, 1923 ஏப்ரலில் கொசுக்கடி புண்ணாகி, இரத்தத்தில் நச்சேறி இறந்தார். ‘மம்மியின் சாபம்’ என்று செய்தித்தாள்கள் பரபரப்பாக எழுதின. ஆனால் கல்லறையைத் திறந்த கார்ட்டரோ 1939 வரை உயிரோடு இருந்தார்!

அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள், 1932இல் போரிஸ் கார்லாஃப் நடித்த ‘தி மம்மி’ படம் வந்தது. கட்டுத்துணியோடு காலை இழுத்து இழுத்து நடக்கும் உருவம் 1940களின் ஹாலிவுட் படங்களில்தான் பதிந்தது.

விளையாட்டே தரும் சாட்சி

1986இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் ‘காசில்வேனியா’ விளையாட்டை வெளியிட்டது. அதில் ஒரு கட்டத்தின் முடிவில் இரண்டு மம்மிகள் சேர்ந்து வந்து கட்டுத்துணிகளை வீசும். டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் அரக்கன் எல்லாரும் அதே கோட்டையில்தான் இருப்பார்கள். தொடக்கத் திரை சினிமாப் படச்சுருள் போல இருக்கும். முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ‘போரிஸ் கார்லாஃபிஸ்’ என்று ஒரு கேலிப் பெயர் வரும். பாருங்க, எங்கிருந்து எடுத்தோம் என்று விளையாட்டே சொல்லிவிடுகிறது.

எனவே விளையாட்டு மம்மி பொய்ச் சான்று என்று ஒதுக்க வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் பொழுதுபோக்கு வரலாற்றுக்கு அது நல்ல சான்று. பண்டைய எகிப்துக்கு அது சான்று ஆகாது. 1997இல் திறந்த சன்வே பிரமிட் பேரங்காடியும் அப்படித்தான். அது நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் வணிக வரலாற்றைச் சொல்லும், பாரோக்களின் வரலாற்றைச் சொல்லாது.

உண்மையான மம்மி நமக்குச் சொல்வது

கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்செஸ் மன்னரின் மம்மி 1881இல் வெளிச்சத்துக்கு வந்தது. பூஞ்சை பிடித்ததால் 1976இல் அதைப் பாரிசுக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை செய்தார்கள். அந்த மம்மியின் மூக்குத் துளையில் இருந்தது என்ன தெரியுமா? மிளகு! மிளகின் தாயகம் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை. பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையில் ரசத்துக்கு வாங்குகிறோமே, அதே மிளகுதான்.

பின்னாளில் அந்த வணிகம் பெருகியது. எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள குசேர் அல்-காதிமில், கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடுகள் கிடைத்தன. கண்ணன், சாதன் என்ற பெயர்கள் அவற்றில் தமிழ்-பிராமி எழுத்தில் இருந்தன. நம் முன்னோர் எகிப்து வரை போன கதையை எந்த விளையாட்டும் காட்டவில்லை. ஒரு மம்மியின் மூக்கும் உடைந்த பானை ஓடும் காட்டுகின்றன.

வகுப்பில் செய்து பாருங்கள்

விளையாட்டு மம்மியின் படம், ராம்செஸ் மம்மியின் படம் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். மாணவர்கள் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதட்டும்:

1. இதை உருவாக்கியவர் யார்? எப்போது?
2. எதற்காக உருவாக்கினார்?
3. எந்தக் காலத்தைப் பற்றி இது நமக்குச் சாட்சி சொல்கிறது?

பாடநூலில் வரும் ‘சும்பர் பெர்தாமா’, ‘சும்பர் கெடுவா’ வேறுபாட்டை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது. மூன்றாம் கேள்விக்கு விடை எழுதும்போதே பிள்ளைகளுக்கு அது புரிந்துவிடும்.